வீட்டில் ஒரு மெயில் சர்வர்: வேண்டுமா, வேண்டாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, பழைய கம்ப்யூட்டரை என்ன செய்வது என்பதுதான். எடைக்குப் போட்டால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. தூக்கிப் போடவும் மனம் வராது. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திக் கொண்டது. அதனால் நன்றாக ஓடிக் கொண்டிருந்த கம்ப்யூட்டர்கள் கூட 'பழையது' என்ற பட்டியலில் சேர்ந்து விட்டன. அவற்றில் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. "லினக்ஸ் போட்டுப் பாருங்கள்" என்று யாராவது சொல்கிறார்கள். போட்டும் விடுகிறார்கள். அதன் பிறகு வருவது இரண்டாவது கேள்வி.

"லினக்ஸில் மெயில் சர்வர் அமைக்கலாமாமே சார்? நம்ம வீட்டிலேயே ஒன்று வைத்துக் கொண்டால் என்ன? எதற்கு கூகுளையும் யாகூவையும் நம்பி இருக்க வேண்டும்?"

நல்ல கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லி விடுகிறேன். வீட்டில் ஒரு லினக்ஸ் மெயில் சர்வர் கட்டாயம் வையுங்கள். ஆனால் ஊர் உலகத்துக்குக் கடிதம் அனுப்பும் வேலையை அதனிடம் கொடுக்காதீர்கள். வந்த கடிதங்களைப் பத்திரமாகச் சேர்த்து வைக்கும் வேலையைக் கொடுங்கள். முகவரியை மட்டும் உங்கள் பெயரில் வாங்கிக் கொள்ளுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மெயில் சர்வர் என்ன செய்கிறது?

மதுரை கே.கே. நகரில் இருக்கும் நீங்கள், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் உங்கள் தம்பிக்கு ஒரு ஈ-மெயில் அனுப்புகிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். 'அனுப்பு' என்பதைக் க்ளிக் செய்தவுடன் அது நேராகத் தம்பியின் கம்ப்யூட்டருக்குப் போய் விடுவதில்லை. முதலில் உங்கள் மெயில் சர்வருக்குப் போகிறது. இது நம் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் தபால் நிலையம் மாதிரி. அந்த சர்வர் தம்பியின் முகவரியில் 'அட்' குறிக்குப் பின்னால் உள்ள பெயரைப் பார்க்கிறது. அதற்கு டொமைன் பெயர் என்று பெயர். அந்த டொமைனுக்கு வரும் கடிதங்களை வாங்கிக் கொள்ளும் கம்ப்யூட்டர் எது என்று இன்டர்நெட்டின் முகவரிப் புத்தகமான டி.என்.எஸ்.-இடம் கேட்கிறது. அந்தப் புத்தகத்தில் 'எம்.எக்ஸ். ரெக்கார்டு' என்ற வரியில் பதில் இருக்கும். 625001 என்று பின்கோடு போட்டால் கடிதம் மதுரைத் தலைமைத் தபால் நிலையத்துக்கு வந்து சேருகிறது அல்லவா, அது போலத்தான்.

சர்வருக்கும் சர்வருக்கும் நடக்கும் பேச்சுக்கு எஸ்.எம்.டி.பி. என்று பெயர். இந்த விதிமுறையை 1982-ல் ஜான் போஸ்டல் எழுதினார். பிறகு பலமுறை திருத்தப்பட்டாலும் அதன் எலும்புக்கூடு இன்றும் அதேதான். இந்தப் பேச்சு நடப்பது 25-ம் எண் போர்ட்டில். வந்து சேர்ந்த கடிதத்தைத் தம்பி தன் செல்போனிலோ கம்ப்யூட்டரிலோ எடுத்துப் படிப்பது ஐமேப் என்ற இன்னொரு முறையில்.

ஆக, மெயில் சர்வர் என்பது ஒரே வேலை அல்ல. அனுப்புவது ஒரு வேலை. வாங்குவது ஒரு வேலை. சேர்த்து வைத்துக் கேட்கும்போது எடுத்துத் தருவது ஒரு வேலை. இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தால்தான் எது நமக்கு ஆகும், எது ஆகாது என்பது புரியும். மூன்றையும் ஒன்றாக நினைத்துக் கொண்டு இறங்குவதால்தான் பலர் பாதியில் சலித்து விட்டு விடுகிறார்கள்.

லினக்ஸ் எதற்கு?

மெயிலும் யூனிக்ஸ் குடும்பமும் தொடக்கத்தில் இருந்தே ஒட்டிப் பிறந்தவை. இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15-ல், வி.எஸ்.என்.எல். மூலமாக. அப்போது மாணவர்களுக்கு 'ஷெல் அக்கவுன்ட்' என்று ஒன்று கொடுத்தார்கள். மோடத்தில் டயல் செய்தால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரும். படம் கிடையாது, மவுஸ் கிடையாது. நாம் போய் உட்காருவது வி.எஸ்.என்.எல்.-இன் யூனிக்ஸ் கம்ப்யூட்டரில். அங்கே 'பைன்' என்ற புரோகிராமில் மெயில் படித்தார்கள். அன்று ஒரு நிறுவனத்தின் அறையில் மட்டும் இருந்த அந்த வசதி, இன்று உங்கள் பரணில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரில் ஓடும். அதைச் சாத்தியமாக்கியது லினக்ஸ்.

சாப்ட்வேருக்கும் ஒரு பைசா செலவில்லை. சென்ட்மெயில் என்பது பழம்பெரும் புரோகிராம். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் எழுதியது. சக்தி வாய்ந்தது, ஆனால் அதன் அமைப்பு பைலைப் பார்த்தால் தலை சுற்றும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பிலிப் ஹேசல் 1995-ல் எக்ஸிம் என்ற புரோகிராமை எழுதினார். ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்த வீட்ஸே வெனிமா எழுதி 1998-ல் வெளியானது போஸ்ட்பிக்ஸ். புதியவர்களுக்கு நான் சொல்வது போஸ்ட்பிக்ஸ்தான். அமைப்பு எளிது, பாதுகாப்பில் கெட்டி. கடிதங்களைச் சேர்த்து வைத்துத் தருவதற்கு, பின்லாந்தைச் சேர்ந்த டிமோ சிரைனன் 2002-ல் வெளியிட்ட டவ்காட் என்ற புரோகிராம் இருக்கிறது. இந்த இரண்டும் இருந்தால் ஒரு மெயில் சர்வர் தயார்.

லினக்ஸ் நமக்கு அந்நியமும் அல்ல. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. பல வீடுகளில் அது திறக்கப்படாமலேயே போனது வேறு கதை.

நிறுவுவது ஒரு மாலை வேலை

டெபியன் அல்லது உபுண்டு போட்ட கம்ப்யூட்டரில் போஸ்ட்பிக்ஸை இன்ஸ்டால் செய்தால், அது நம்மிடம் ஒரு கேள்வி கேட்கும். எந்த மாதிரி மெயில் சர்வர் வேண்டும் என்று ஒரு பட்டியலைக் காட்டும். 'இன்டர்நெட் சைட்' என்றால் உலகத்தோடு நேரடியாகப் பேசும் முழு சர்வர். 'ஸ்மார்ட்ஹோஸ்ட்' என்றால் வெளியே போகும் கடிதங்களை வேறொரு பெரிய சர்வரிடம் கொடுத்து அனுப்பச் சொல்வது. 'லோக்கல் ஒன்லி' என்றால் அந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டும் கடிதப் போக்குவரத்து. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கம்ப்யூட்டரின் பெயரைக் கொடுத்தால் வேலை முடிந்தது.

பார்த்தீர்களா, எவ்வளவு எளிது என்று. இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறார்கள். அரை மணி நேரத்தில் இன்ஸ்டால் ஆகி விட்டதால், மெயில் சர்வரும் வந்து விட்டது என்று நினைத்து விடுகிறார்கள். தனக்குத்தானே ஒரு கடிதம் அனுப்பிப் பார்த்தால் டக்கென்று வந்து விழும். அதையே ஒரு ஜிமெயில் முகவரிக்கு அனுப்பிப் பார்த்தால், போகாது. போனாலும் ஸ்பேம் போல்டரில் போய் விழும்.

சிக்கல் நம் வீட்டில் இல்லை, வாசலில் இருக்கிறது

ஏன் போகவில்லை? காரணங்கள் நான்கு.

முதல் காரணம், ஐ.பி. முகவரி. வீட்டு பிராட்பேண்ட் இணைப்பில் நமக்குக் கிடைக்கும் ஐ.பி. முகவரி பெரும்பாலும் நிலையானது அல்ல. ரூட்டரை அணைத்துப் போட்டால் மாறி விடலாம். இன்னும் பல இணைப்புகளில், பல வீடுகள் சேர்ந்து ஒரே முகவரியை வெளியே காட்டுகின்றன. அப்படி இருந்தால் வெளியில் இருந்து யாரும் உங்கள் சர்வரின் கதவைத் தட்டவே முடியாது. அபார்ட்மென்ட் எண் இல்லாமல் தெருப் பெயரை மட்டும் எழுதிய கடிதம் மாதிரிதான். கூடுதல் கட்டணம் கட்டினால் சில நிறுவனங்கள் நிலையான முகவரி தருகின்றன.

இரண்டாவது காரணம், 25-ம் எண் போர்ட். வைரஸ் புகுந்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள் ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் ஸ்பேம் கடிதங்களை அனுப்பிக் கொண்டிருந்தன. அதைத் தடுக்க, உலகம் முழுவதும் பல இன்டர்நெட் நிறுவனங்கள் வீட்டு இணைப்புகளில் இருந்து 25-ம் போர்ட் வழியாக வெளியே போவதை அடைத்து வைத்திருக்கின்றன. அடைக்காவிட்டாலும், ஸ்பாம்ஹாஸ் போன்ற அமைப்புகள் வீட்டு ஐ.பி. முகவரிகளைத் தனிப் பட்டியல் போட்டு வைத்திருக்கின்றன. அந்தப் பட்டியலில் இருக்கும் முகவரியில் இருந்து நேராக வரும் கடிதத்தைப் பெரும்பாலான சர்வர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பி விடும். நீங்கள் எந்தத் தப்பும் செய்திருக்க வேண்டியதில்லை. வீட்டு இணைப்பு என்பதே போதும்.

மூன்றாவது காரணம், அடையாளச் சீட்டுகள். இந்த டொமைன் பெயரில் கடிதம் அனுப்ப எந்தக் கம்ப்யூட்டருக்கு உரிமை உண்டு என்று டி.என்.எஸ்.-இல் எழுதி வைப்பது எஸ்.பி.எப். கடிதத்தில் ரகசியச் சாவியால் முத்திரை குத்துவது டி.கே.ஐ.எம். இந்த இரண்டும் பொருந்தாத கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது டிமார்க். இவற்றோடு, ஐ.பி. எண்ணைக் கொடுத்தால் திரும்ப உங்கள் சர்வரின் பெயரைச் சொல்லும் 'ரிவர்ஸ் டி.என்.எஸ்.' பதிவும் வேண்டும். 2024 பிப்ரவரியில் இருந்து ஜிமெயில் இந்த விஷயத்தில் இன்னும் கண்டிப்பாகி விட்டது. சாதாரணமாக அனுப்புகிறவருக்கே எஸ்.பி.எப். அல்லது டி.கே.ஐ.எம்., கூடவே ரிவர்ஸ் டி.என்.எஸ். இருக்க வேண்டும் என்கிறது. நாளொன்றுக்கு ஜிமெயில் முகவரிகளுக்கு 5000-க்கு மேல் அனுப்புகிறவருக்கு எல்லாமே வேண்டும். மற்றதை எல்லாம் நீங்களே செய்து கொள்ளலாம். ரிவர்ஸ் டி.என்.எஸ். பதிவை மட்டும் உங்கள் இன்டர்நெட் நிறுவனம்தான் செய்து தர வேண்டும். வீட்டு வாடிக்கையாளருக்காக அவர்கள் அதைச் செய்து தருவது அபூர்வம்.

நான்காவது காரணம், திருடர்கள். திறந்து வைத்த மெயில் சர்வரைத் தேடி இருபத்து நான்கு மணி நேரமும் யாராவது கதவைத் தட்டிக் கொண்டே இருப்பார்கள். பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். அமைப்பில் ஒரு வரி தவறினால், யார் வேண்டுமானாலும் உங்கள் சர்வர் வழியாக யாருக்கு வேண்டுமானாலும் கடிதம் அனுப்பலாம் என்ற நிலை வந்து விடும். இதற்கு 'ஓபன் ரிலே' என்று பெயர். விடிவதற்குள் உங்கள் முகவரி கறுப்புப் பட்டியலில் ஏறி விடும்.

மின்வெட்டு ஒரு பிரச்சினையா என்று கேட்பார்கள். மதுரைக்காரர்கள் 2012-ஐ மறந்திருக்க மாட்டார்கள். இரவு பகல் பார்க்காமல் பல மணி நேரம் கரன்ட் போன காலம் அது. ஆச்சரியமான விஷயம் என்னவென்றால், மெயிலைப் பொறுத்தவரை மின்வெட்டு அவ்வளவு பெரிய எதிரி அல்ல. உங்கள் சர்வர் தூங்கிக் கொண்டிருந்தால், அனுப்பிய சர்வர் கடிதத்தைத் தூக்கிப் போட்டு விடாது. வரிசையில் வைத்துக் கொண்டு மறுபடி மறுபடி முயற்சி செய்யும். போஸ்ட்பிக்ஸ் வழக்கமாக ஐந்து நாள் வரை காத்திருக்கும். அதற்குப் பிறகுதான் அனுப்பியவருக்கே திருப்பி விடும். 1982-ல் டெலிபோன் லைன்கள் நம்ப முடியாதவையாக இருந்த காலத்தில் யோசித்துச் செய்த ஏற்பாடு, நம் ஊர் மின்வெட்டுக்கும் பொருந்துகிறது. கரன்ட் போவதை மெயில் தாங்கும். கவனிக்க ஆள் இல்லாமல் போவதைத்தான் தாங்காது. இதற்கு மதுரைப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது.

மேலூர் சொல்லும் பாடம்

2001-ல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 'சாரி' என்ற பெயரில் ஒரு திட்டம் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி., என்-லாக் நிறுவனம், அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு பல்கலைக்கழகம், ஐ-ஞான் பவுண்டேஷன் ஆகியவை சேர்ந்து செய்தது. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையில் சென்னை ஐ.ஐ.டி. குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற வயர்லெஸ் முறையில், டெலிபோன் கம்பி இழுக்காமலேயே கிராமங்களுக்கு இன்டர்நெட் கொடுத்தார்கள். வேகம் நொடிக்கு 35 முதல் 70 கிலோபிட்தான். இன்றைய பிள்ளைகள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அந்த வேகத்திலேயே பெரிய காரியங்கள் நடந்தன.

கிராமத்து இன்டர்நெட் மையத்தில் வெப் கேமராவால் கண்ணைப் படம் பிடித்து, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மெயிலில் அனுப்பினார்கள். டாக்டர் பார்த்து விட்டு, நேரில் வர வேண்டுமா வேண்டாமா என்று பதில் சொன்னார். பஸ் பிடித்து மதுரை வந்து ஒரு நாள் கூலியை இழப்பதா வேண்டாமா என்பதை ஒரு ஈ-மெயில் முடிவு செய்தது. ஈ-மெயிலின் மகிமையை இதைவிட நன்றாக யாரும் விளக்க முடியாது என்பேன்.

அதே மையங்களில் இருந்து வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் மனுக்கள் போயின. பிறப்பு, இறப்பு, வருமானச் சான்றிதழ்களுக்கு விண்ணப்பங்கள் போயின. தொடக்கத்தில் நல்ல வரவேற்பு. பிறகு என்ன ஆனது? இந்தத் திட்டத்தை ஆராய்ந்த ராஜேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட் ஆகியோரின் கட்டுரை 2006-ல் வெளியானது. ஆர்வமாக இருந்த அதிகாரிகள் மாறுதலாகிப் போனதும் அரசு சேவைகள் தேய்ந்து நின்று போனதை அதில் சொல்லி இருக்கிறார்கள். மையங்களில் பலவும் பின்னர் மூடப்பட்டன.

இங்கே கவனிக்க வேண்டியது, இயந்திரம் அல்ல. கம்ப்யூட்டர் இருந்தது, இணைப்பு இருந்தது, மெயில் போனது. மருத்துவமனையில் திறந்து பார்த்துப் பதில் சொல்ல ஒரு டாக்டர் இருந்ததால் அது பயன்பட்டது. அலுவலகத்தில் அப்படி ஓர் ஆள் இல்லாமல் போனபோது அது நின்றது. மெயில் என்பது இயந்திரம் பாதி, அதைக் கவனிக்கும் மனிதர் பாதி.

வீட்டில் நீங்கள் முழு மெயில் சர்வர் வைத்தால், அந்த மனிதர் நீங்கள்தான். பரீட்சை நேரத்திலும், கல்யாண வீட்டுக்குப் போயிருக்கும்போதும், சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் ஆற்றில் இறங்கும் அன்றும் நீங்கள்தான். அப்டேட் போட வேண்டும். லாக் பைலைப் பார்க்க வேண்டும். சான்றிதழ் காலாவதி ஆகிறதா என்று கவனிக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு பேங்க் மெயில் வரவில்லை என்றால், பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான். இதைத் தொழிலாகச் செய்பவர்கள் செய்யட்டும். வீட்டு உபயோகத்துக்கு இது தேவை இல்லாத தலைவலி என்பது என் கருத்து.

அப்படியானால் பெரிய நிறுவனங்களை அப்படியே நம்பி விடலாமா?

கூடவே கூடாது. கேள்வி கேட்டவர்களின் பயம் நியாயமானதுதான். 2004 ஏப்ரல் 1-ல் கூகுள் ஒரு ஜிபி இடத்தோடு ஜிமெயிலை அறிவித்தபோது, ஹாட்மெயில் கொடுத்துக் கொண்டிருந்தது 2 எம்பி. நாம் எல்லோரும் ஓடிப் போய்ச் சேர்ந்தோம். இன்று பேங்க், ஆதார், வருமான வரி, பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம், பாலிசி எல்லாவற்றுக்கும் அந்த ஒரே முகவரிதான்.

ஆனால் அந்த முகவரி உங்களுடையதா? இல்லை. வாடகை கூட வாங்காத வீட்டுக்காரர் கொடுத்த அறை. இந்தியாடைம்ஸ் மெயில் 2013-ல் மூடப்பட்டது. அதில் முகவரி வைத்திருந்தவர்கள் விசிட்டிங் கார்டு முதல் வங்கிக் கணக்கு வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வந்தது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாமல் விட்ட கணக்குகளை 2023 டிசம்பரில் இருந்து கூகுள் நீக்கத் தொடங்கியது. இறந்து போன தாத்தாவின் கணக்கில் இருந்த பழைய கடிதங்களும் குடும்பப் படங்களும் இப்படிப் போகக் கூடும். யாரும் நமக்குத் துரோகம் செய்யவில்லை. விதிமுறையில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். நாம்தான் படிப்பதில்லை.

மதுரை மாசி வீதிகளில் நடந்து பாருங்கள். மூன்று தலைமுறையாக நடக்கும் கடை, வாசலில் பளபளக்கும் பெயர்ப் பலகை. அதன் அடியில் எழுதி இருக்கும் ஈ-மெயில் முகவரி மட்டும் இலவச மெயில் நிறுவனத்தின் பெயரில் முடியும். கடையின் பெயரை விட்டுக் கொடுக்காதவர்கள், முகவரியின் பெயரை இவ்வளவு சுலபமாக விட்டுக் கொடுப்பது எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

இதற்கு வழி, சர்வர் அல்ல. டொமைன் பெயர். உங்கள் குடும்பத்தின் பெயரிலோ கடையின் பெயரிலோ ஒரு டொமைனைப் பதிவு செய்து கொள்ளுங்கள். நம் நாட்டுக்கு உரிய 'டாட் இன்' பெயர்கள் 2005-ல் இருந்து எல்லோருக்கும் கிடைக்கின்றன. ஆண்டுக்கு ஆகும் செலவு, குடும்பத்தோடு ஒரு முறை ஓட்டலில் சாப்பிடும் செலவுதான். பிறகு கடிதம் கையாளும் வேலையை ஏதாவது ஒரு மெயில் நிறுவனத்திடம் கொடுங்கள். 2008-ல் மெயில் சேவையைத் தொடங்கிய ஸோஹோ நம் தமிழ்நாட்டு நிறுவனம்தான். தென்காசிப் பக்கத்தில் கூட அதற்கு அலுவலகம் இருக்கிறது. மத்திய அரசு ஊழியர்களின் மெயில் சேவை அதன் மென்பொருளுக்கு மாற்றப்பட்டதாக 2025-ல் செய்தி வந்தது. வேறு நிறுவனங்களும் உண்டு. யாராக இருந்தாலும் சரி, பிடிக்கவில்லை என்றால் டி.என்.எஸ்.-இல் எம்.எக்ஸ். வரியை மாற்றி வேறு இடத்துக்குப் போய் விடலாம். முகவரி மாறாது. ஒரே ஒரு எச்சரிக்கை: டொமைனை ஆண்டுதோறும் மறக்காமல் புதுப்பிக்க வேண்டும். தவற விட்டால் வேறு யாராவது வாங்கி விடுவார்கள். உங்களுக்கு வரும் கடிதம் எல்லாம் அவர்களிடம் போகும்.

வீட்டு சர்வருக்கு என்ன வேலை?

இப்போது பரணில் இருந்து இறக்கிய பழைய கம்ப்யூட்டருக்கு வருவோம். அதற்கு நான் கொடுக்கச் சொல்லும் வேலை, சேர்த்து வைப்பது. செய்ய வேண்டியவை இவை.

லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரில் போஸ்ட்பிக்ஸை இன்ஸ்டால் செய்யும்போது 'லோக்கல் ஒன்லி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெளி உலகத்தோடு பேசாது என்பதால் பயம் இல்லை. ஹார்ட் டிஸ்க் கெட்டுப் போகப் போகிறது, பேக்கப் எடுக்க முடியவில்லை என்பது போன்ற விஷயங்களை லினக்ஸ் உங்களுக்குக் கடிதமாக எழுதி வைக்கும்படி அமைத்துக் கொள்ளலாம்.

அடுத்து டவ்காட். இது வீட்டுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்கும் செல்போன்களுக்கும் ஐமேப் முறையில் கடிதங்களை எடுத்துத் தரும். ரூட்டரில் வெளி வாசல் எதையும் திறந்து விடாதீர்கள். வீட்டு வை-பைக்குள் மட்டும் இயங்கட்டும்.

மூன்றாவது, எம்பிசிங்க் என்ற சிறிய புரோகிராம். டெபியனில் ஐசிங்க் என்ற பெயரில் கிடைக்கும். இது உங்கள் ஜிமெயில் அல்லது வேறு கணக்கில் இருக்கும் கடிதங்களை எல்லாம் வீட்டு சர்வருக்கு நகல் எடுத்து வரும். இழுக்கும் திசையை மட்டும் அமையுங்கள். அங்கே ஒரு கடிதம் அழிந்தால் இங்கேயும் அழிக்கச் சொல்லாதீர்கள். ஜிமெயிலாக இருந்தால் இரண்டு கட்டப் பாதுகாப்பை இயக்கி விட்டு, 'ஆப் பாஸ்வேர்டு' என்று தனியாக ஒன்றை வாங்கிக் கொடுக்க வேண்டும். உங்கள் உண்மையான பாஸ்வேர்டை எந்தப் பைலிலும் எழுதி வைக்காதீர்கள். வேறு நிறுவனமாக இருந்தால், நீங்கள் எடுக்கும் திட்டத்தில் ஐமேப் வசதி உண்டா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுக் கொள்ளுங்கள்.

தினமும் இரவு ஒரு முறை இது ஓடும்படி அமைத்து விட்டால் போதும். கரன்ட் போய் நின்றாலும் நஷ்டம் இல்லை. மறுநாள் விட்ட இடத்தில் இருந்து எடுத்துக் கொள்ளும். ஜிமெயில் இலவசமாகத் தருவது 15 ஜிபி, அதுவும் படங்களுக்கும் சேர்த்து. பழைய ஹார்ட் டிஸ்க் 500 ஜிபி என்றால் கூட, ஒரு குடும்பத்தின் வாழ்நாள் கடிதங்களை வைத்துக் கொள்ளலாம். ஒரே டிஸ்க்கை நம்பாமல் மாதம் ஒரு முறை வெளி டிஸ்க்கிலும் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

இதில் இன்னொரு லாபம் இருக்கிறது. பள்ளி, கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களை உட்கார வைத்து இதைச் செய்யச் சொல்லுங்கள். எஸ்.எம்.டி.பி. என்பது மனிதர் படிக்கக் கூடிய மொழி. ஒரு சர்வர் 'ஹலோ' சொல்லி, யாரிடம் இருந்து, யாருக்கு என்று ஒவ்வொரு வரியாகச் சொல்வதைத் திரையில் நேராகப் பார்க்கலாம். தமிழ் எழுத்திலேயே மெயில் முகவரி வைக்கும் முறைக்கு 2012-ல் விதி வந்தது. போஸ்ட்பிக்ஸ் 2015-ல் வந்த மூன்றாம் பதிப்பில் இருந்து அதை ஏற்றுக் கொள்கிறது. பையனின் பெயரைத் தமிழில் எழுதி, வீட்டுக்குள்ளேயே கடிதம் போகிறதா என்று பார்த்து விளையாடட்டும். தவறு நடந்தாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை. வெளியே திறந்து வைத்த சர்வரில் இந்தச் சுதந்திரம் கிடையாது.

இதை எல்லாம் செய்து தேர்ந்த பிறகும் முழு சர்வர் வைத்தே தீர வேண்டும் என்று ஆசை இருந்தால், வீட்டில் வேண்டாம். நிலையான ஐ.பி. முகவரியும் ரிவர்ஸ் டி.என்.எஸ்.-உம் தரும் ஒரு வாடகை சர்வரை எடுத்து, முக்கியம் இல்லாத ஒரு டொமைனில் ஓராண்டு ஓட்டிப் பாருங்கள். 25-ம் போர்ட் திறந்திருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள், அங்கேயும் பலர் அடைத்து வைத்திருக்கிறார்கள். ஓராண்டு முழுக்க ஒரு கடிதமும் தவறாமல் போய் வந்தால், அப்போது பேங்க் மெயிலை அதற்கு மாற்றுவது பற்றி யோசிக்கலாம்.

மற்றவர்களுக்கு என் ஆலோசனை இவ்வளவுதான். முகவரி உங்கள் பெயரில் இருக்கட்டும். போக்குவரத்தை அதைத் தொழிலாகச் செய்பவர் பார்க்கட்டும். கடிதங்களின் ஒரு நகல் உங்கள் வீட்டு லினக்ஸ் கம்ப்யூட்டரில் இருக்கட்டும். இந்த மூன்றும் இருந்தால் எந்த நிறுவனம் கதவைச் சாத்தினாலும் கவலை இல்லை. இந்த வார இறுதியில் டொமைன் பெயரைத் தேடிப் பார்ப்பதில் இருந்து தொடங்குங்கள். நீங்கள் நினைத்து வைத்திருக்கும் பெயரை வேறு யாரும் எடுப்பதற்கு முன்னால் எடுத்துக் கொள்வது நல்லது.